கண்ணாடிக்குள் தெரிந்த நீல வட்டமும் என் இடது காலும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பக்கவாதம் வந்தவர்களுக்கு ஆக்மென்டட் ரியாலிட்டி கண்ணாடி மாட்டி நடை பழக்குவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை என் மகள் சத்தமாகப் படிக்கக் கேட்டேன். அப்புறம் நானே வாங்கி இன்னொரு தடவை படித்தேன். முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். பக்கவாதம் என்றாலே அறிகுறி என்ன, எவ்வளவு சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதுவும் வேண்டியதுதான், ஆனால் உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு வருகிற மாதங்களைப் பற்றி யாரும் அவ்வளவாக எழுதுவதில்லை. நீங்கள் எழுதினீர்கள். ஆனாலும் படத்துக்குக் கீழே போட்டிருந்த “நடக்க வைக்கும் கண்ணாடி” என்ற வரி எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அப்படி ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாரக்கணக்கில் நடந்தவன் நான். நடந்தது நான்தான், அது உதவியது, சில நாள் நன்றாகவே உதவியது, சில நாள் தொந்தரவாகவும் இருந்தது. இந்த வித்தியாசம் தெரியாமல் போனால் ஒரு குடும்பம் தன் நம்பிக்கையைத் தப்பான இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடும் என்ற பயத்தில்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால், 54 வயதில், மூளையின் வலது பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு எனக்கு இடது கையும் காலும் விழுந்துவிட்டன. கை இன்னும் முழுதாக வரவில்லை. கால் வந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், ஆனால் வந்த லட்சணம் எனக்குத்தான் தெரியும். முன்பாதத்தைத் தூக்குகிற தசைக்கு மூளையிலிருந்து கட்டளை சரியாக வராததால் பாதம் தொங்கும். காலை முன்னால் கொண்டுபோகும்போது கட்டைவிரல் தரையில் உரசும், உரசினால் தடுக்கும். தடுக்காமல் இருக்க உடம்பே ஒரு குறுக்குவழி கண்டுபிடித்துக்கொள்ளும். இடுப்பைத் தூக்கி, முழங்காலை மடக்காமல், காலை வெளிப்பக்கமாக அரைவட்டம் போட்டு வீசி வைப்பதுதான் அந்தக் குறுக்குவழி. தூரத்தில் வரும்போதே இந்த நடையை வைத்து ஆளுக்கு என்ன வந்தது என்று சொல்லிவிடலாம். விழாமல் நடக்க அது போதும். ஆனால் அடி சின்னதாகிவிடும், நல்ல கால் எல்லா பாரத்தையும் சுமக்கும், பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கும், நாளாக நாளாக இடுப்பும் முதுகும் வலிக்கும். அப்புறம் அதுவே பழக்கமாகி உட்கார்ந்துவிடும்.

இதை மாற்றத்தான் எல்லோரும் சொன்னார்கள், “காலைத் தூக்குங்க, முட்டியை மடக்குங்க, குதிகாலை முதல்ல வைங்க”. சொல்லச் சொல்ல எனக்குக் கால் இன்னும் விறைக்கும். நான் தூக்காமலா இருக்கிறேன்? தூக்க வேண்டும் என்று நினைக்கிறேன், நினைக்கிற அந்த நிமிடமே தொடையிலிருந்து கணுக்கால் வரை ஒரே கட்டையாக ஆகிவிடுகிறது. இதை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம்.

சரி, கண்ணாடிக்கு வருகிறேன். ஆக்மென்டட் ரியாலிட்டியைத் தமிழில் மிகைமெய்ம்மை என்கிறார்கள். உங்கள் கட்டுரை அதையும் விர்ச்சுவல் ரியாலிட்டியையும் ஒன்றுபோலவே பேசியது. நடை பழகுகிறவனுக்கு இரண்டும் ஒன்றே கிடையாது. விர்ச்சுவல் ரியாலிட்டி ஹெட்செட்டை மாட்டியதும் பொதுவாக அறையே மறைந்துவிடும், சொந்தக் கால்கூடத் தெரியாது. பாதத்தில் உணர்ச்சி பாதி போய், நிற்பதற்குக் கண்ணையே நம்பியிருக்கிற ஒருவருக்கு அது வயிற்றைக் கலக்கும். மிகைமெய்ம்மைக் கண்ணாடியில் அறை அப்படியே தெரியும், தரை தெரியும், என் செருப்பு தெரியும், பக்கத்தில் நிற்கிறவர் தெரிவார். அதற்கு மேல், தரையில் ஒட்டிவைத்த மாதிரி ஒரு வட்டமோ பெட்டியோ கூடுதலாகத் தெரியும். நான் நகர்ந்தாலும் அது இருந்த இடத்திலேயே இருக்கும், ஏனென்றால் கண்ணாடியில் உள்ள கேமராக்களும் சென்சார்களும் அறையை விடாமல் அளந்துகொண்டே இருக்கின்றன.

முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். நீளமான ஒரு அறை, ஒரு பக்கச் சுவரில் கைப்பிடிக் கம்பி. என் இடுப்பில் அகலமான பெல்ட் ஒன்றைக் கட்டி, இடது பக்கம் நின்று அதைப் பிடித்துக்கொண்டார் பிசியோதெரபிஸ்ட். என் மகள் வயதுதான் இருக்கும் அவருக்கு. “சார், தரையில நீல வட்டம் தெரியுதா?” என்றார். தெரிந்தது. தட்டு அளவுக்கு ஒரு வட்டம், அதற்கு முன்னால் இன்னொன்று, இடமும் வலமுமாக வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. “காலை மறந்துடுங்க. வட்டத்துக்குள்ள செருப்பு விழணும், அவ்வளவுதான்.” முதல் வட்டத்தில் பாதி வெளியே விழுந்தது. இரண்டாவதில் கோட்டின் மேல். சரியாக விழுந்தால் வட்டம் பச்சையாகும், ஒரு சின்ன மணிச் சத்தம் கேட்கும். ஐந்தாவது வட்டம் பச்சையானது. அதன் பிறகு நான் காலைப் பற்றி நினைக்கவே இல்லை, அடுத்த வட்டத்தை மட்டும்தான் நினைத்தேன். நான்காவது சுற்றில் வட்டங்களுக்கு நடுவே செங்கல் உயரத்துக்கு ஒரு பெட்டி வந்தது. அங்கே எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கால் அதை நம்பிவிட்டது. தாண்டிப் போனேன். சுவரோரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் மனைவி சட்டென்று எழுந்து, “என்னங்க, முட்டி மடங்குது!” என்றாள். ஏழு மாதமாக எத்தனையோ பேர் மடக்கச் சொல்லி மடங்காத முட்டி.

அன்று நான் அழுதேன், மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் அன்று சாயங்காலமே குளியலறை வாசலில் இரண்டு அங்குல உயரத்துக்கு இருக்கிற அந்தத் தடுப்பில் கட்டைவிரல் இடித்து, மகள் பிடிக்காவிட்டால் விழுந்திருப்பேன். இல்லாத பெட்டியைத் தாண்டிய கால் இருக்கிற தடுப்பைத் தாண்டவில்லை. இந்த இரண்டாவது சம்பவம் கட்டுரைகளில் வருவதில்லை. எனக்கு இரண்டுமே ஒரே நாளில் நடந்தது, அதனால் ஒன்றை மட்டும் சொல்ல மனம் வரவில்லை.

முதலில் அது ஏன் வேலை செய்தது என்பதைச் சொல்ல வேண்டும். பிசியோதெரபிஸ்ட் எனக்கு விளக்கியதும், அதற்குப் பிறகு நானாகத் தேடிப் படித்ததும் இதுதான். உடம்பின் ஓர் உறுப்பைக் கவனித்துக்கொண்டே அசைப்பதைவிட, அந்த அசைவு வெளியே எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைக் கவனித்தால் உடம்பு நன்றாகக் கற்றுக்கொள்கிறது. 1998இல் கேப்ரியேல் உல்ஃப் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடன் சேர்ந்தவர்களும், பனிச்சறுக்கு மாதிரி பக்கவாட்டில் அசைகிற ஒரு மேடையில் ஆட்களை நிற்க வைத்துச் சோதித்தார்கள். பாதத்தைக் கவனிக்கச் சொன்னவர்களைவிட, பாதத்துக்கு அடியில் உள்ள சக்கரத்தைக் கவனிக்கச் சொன்னவர்கள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். அவர்கள் நல்ல உடம்புள்ளவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் எல்லோருக்கும் அது அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் “முட்டியை மடக்கு” என்பதற்கும் “இந்தப் பெட்டியைத் தாண்டு” என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை என் உடம்பில் பார்த்துவிட்டேன்.

இரண்டாவது காரணம் எண்ணிக்கை. இதுதான் பெரிய காரணம் என்பது என் முடிவு. காயம்பட்ட மூளை புதுப் பாதை போட்டுக்கொள்ளும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், உண்மைதான், ஆனால் அது சும்மா போட்டுக்கொள்ளாது. திரும்பத் திரும்பச் செய்தால்தான் போடும், அதுவும் நூறு தடவை இல்லை, ஆயிரக்கணக்கில். கேத்தரின் லாங் என்பவரின் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவிலும் கனடாவிலும் 7 இடங்களில் 312 சிகிச்சை நேரங்களை உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். நடைப் பயிற்சி தந்த ஒரு சிகிச்சை நேரத்தில் சராசரியாக நடந்த அடிகள் 357. வெறும் 357! நல்ல கால் உள்ள ஒருவர் வீட்டுக்குள் அலைவதே அதைவிட அதிகம் வரும். நான் கண்ணாடி இல்லாமல் போன நாட்களில் என் கணக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்திருக்கும். பாதி நேரம் கட்டிலில் படுத்துக் காலை நீட்டுவது, மடக்குவது, மீதியில் இரண்டு மூன்று சுற்று நடை, அப்புறம் களைப்பு. வட்டங்கள் வந்த பிறகு எனக்கே தெரியாமல் எண்ணிக்கை ஏறியது, “இன்னும் ஒரு சுற்று” என்று நானாகவே கேட்டேன். எத்தனை வட்டம் பச்சையானது என்று கண்ணாடியே கணக்கு வைத்தது. ஒரு நாள் 900ஐத் தாண்டியது. கண்ணாடி எனக்குச் செய்த பெரிய உபகாரம் அது.

மாயம் எதுவும் இல்லை என்று சொல்வதற்காகவே கொஞ்சம் பின்னால் போகிறேன். இந்த யோசனை நேற்று வந்தது இல்லை. 1999இல் ஆல்ட்ஷுலர், வி. எஸ். ராமச்சந்திரன் முதலானோர் பக்கவாதம் வந்த 9 பேருக்கு ஒரு சாதாரணக் கண்ணாடியை, முகம் பார்க்கிற கண்ணாடியைத்தான் சொல்கிறேன், வைத்துச் சோதித்தார்கள். நல்ல கையின் பிம்பம் விழுந்த கை இருக்கிற இடத்தில் தெரியும், அந்தக் கை அசைவதாகக் கண் நம்பும். இதைவிட எளிமையான மிகைமெய்ம்மை உண்டா? 2004இல் ஜாஃபி என்பவரின் குழு, பக்கவாதம் வந்த 20 பேரைத் தடைகளைத் தாண்டி நடக்க வைத்தது. பாதிப் பேர் உண்மையான தடைகளைத் தாண்டினார்கள். மீதிப் பேர் டிரெட்மில்லில், மேலே பட்டியில் தொங்கிய பாதுகாப்போடு, தலையில் மாட்டிய திரையில் தங்கள் கால்களையும் அதோடு சேர்த்துக் காட்டிய இல்லாத தடைகளையும் பார்த்துத் தாண்டினார்கள். வேகமாக நடக்கச் சொன்னபோது இரண்டாவது கூட்டம் அதிகம் முன்னேறியிருந்தது. 20 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். நெதர்லாந்தில் உருவான சி-மில் என்ற கருவியில் கண்ணாடியே கிடையாது, டிரெட்மில் பட்டையின் மேல் புரொஜெக்டர் வெளிச்சத்தால் கால் வைக்க வேண்டிய கட்டங்களையும் தடைகளையும் விழ வைக்கிறார்கள். தலையில் பாரம் இல்லை. எனக்கு அந்த வழி இன்னும் பிடிக்கிறது, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இப்போது தொந்தரவுகள். நான் மாட்டியது எந்த நிறுவனத்தின் கண்ணாடி என்பது இங்கே முக்கியமில்லை, இந்த வகைக் கண்ணாடிகள் பலவற்றுக்கும் இருக்கிற குறைதான் இது. நம் இரண்டு கண்ணும் பக்கவாட்டில் ஏறக்குறைய 180 டிகிரி வரை பார்க்கும். இந்தக் கண்ணாடிகளில் படம் தெரிகிற பகுதி அதில் ஒரு சின்ன ஜன்னல் மாதிரி. மைக்ரோசாஃப்டின் ஹாலோலென்ஸ் 2ஐ எடுத்துக்கொண்டால் அந்த ஜன்னல் மூலைக்கு மூலை 52 டிகிரிதான். நேராக நிமிர்ந்து பார்த்தால் என் காலுக்கு அருகில் உள்ள வட்டம் அந்த ஜன்னலுக்குள் வராது. அதனால் என்ன செய்வேன்? தலையைக் குனிவேன். பக்கவாதம் வந்தவர்கள் தரையைப் பார்த்தே நடப்பார்கள், அதை விடச் சொல்லிச் சொல்லியே பிசியோதெரபிஸ்ட்களுக்குத் தொண்டை வறண்டுபோகும். விட வேண்டிய பழக்கத்தை இந்தக் கண்ணாடி உட்கார்ந்து வளர்த்துவிட்டது. அதே கருவியின் எடை 566 கிராம். குனிந்த தலையில் அரைக் கிலோவுக்கு மேல் பாரம் என்றால் இருபது நிமிடத்தில் கழுத்து என்ன சொல்லும் என்று மாட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். தரையிலேயே வெளிச்சம் விழும் கருவியில் இந்த இரண்டும் இல்லை என்பதால்தான் அது பிடிக்கிறது என்றேன். ஆனால் அது டிரெட்மில்லோடு கட்டுப்பட்டது, வீட்டுக் கூடத்துக்கு வராது. ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லை.

அடுத்தது எனக்கே வந்த பிரச்சினை, இதை யாருமே பேசுவதில்லை. மூளையின் வலது பக்கம் அடிபட்டவர்களில் பலருக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். கண் குருடு இல்லை, பார்வை இருக்கும், கவனம் அந்தப் பக்கம் போகாது. முதல் மாதங்களில் எனக்குச் சட்டையின் இடது கை மாட்டாமல் தொங்குவது தெரியாது, கதவு நிலையில் இடது தோள் இடிக்கும், இடித்த பிறகுதான் அங்கே கதவு இருப்பது தெரியும். கண்ணாடி மாட்டிய நாட்களில் அது பெருமளவு சரியாகியிருந்தது, ஆனாலும் களைத்துப்போனால் இடது வட்டங்களைத் தவறவிட்டேன். கண்ணாடி அதை ‘தப்பான அடி’ என்று கணக்கு எழுதியது. கால் தப்பவில்லை, கவனம் தப்பியது! பிசியோதெரபிஸ்ட் அதைக் கண்டுபிடித்து, இடது வட்டத்தைச் சிமிட்ட வைத்து, அந்தப் பக்கத்திலிருந்தே சத்தமும் வர வைத்தார். பக்கத்தில் அறிவுள்ள ஒரு ஆள் இல்லாமல் கருவியை மட்டும் வீட்டுக்கு அனுப்பியிருந்தால் நானும் என் குடும்பமும் கால் மோசமாகிக்கொண்டே போகிறது என்று நினைத்து நொந்துபோயிருப்போம்.

குளியலறை வாசலுக்கு வருகிறேன். கற்றுக்கொள்ளும்போது எப்போதும் கூடவே குறிப்புக் கிடைத்துக்கொண்டிருந்தால், அந்த நேரத்தில் நன்றாகச் செய்வோம், குறிப்பை எடுத்துவிட்டால் கோட்டை விடுவோம். சால்மோனி, ஷ்மிட், வால்டர் மூவரும் 1984இலேயே இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். குறிப்பு ஊன்றுகோல் மாதிரி ஆகிவிடுகிறது. நான் வாசலில் இடித்துக்கொண்டதைச் சொன்னதும், என் பிசியோதெரபிஸ்ட்டான அந்தப் பெண் அடுத்த வாரத்திலிருந்து முறையை மாற்றினார். ஒரு சுற்று வட்டங்களோடு, ஒரு சுற்று வட்டங்களை அணைத்துவிட்டு. அப்புறம் இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று. பச்சை நிறத்தையும் மணிச் சத்தத்தையும் ஐந்து அடிக்கு ஒரு தடவையாகக் குறைத்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உண்மையான மரக்கட்டையைத் தாண்ட வைத்தார், தாண்டும்போதே என்னிடம் பேச்சுக் கொடுத்தார், ஏனென்றால் பேசிக்கொண்டே நடக்க முடியாமல் நின்றுவிடுகிறவர்கள் விழுகிற வாய்ப்பு அதிகம் என்று 1997இல் ஸ்வீடனில் செய்த ஒரு ஆய்வு உண்டு. இப்படிப் படிப்படியாகக் குறைத்ததுதான் என் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. எட்டாவது வாரம் அந்தத் தடுப்பை நான் கவனிக்காமலே தாண்டியிருக்கிறேன், தாண்டிய பிறகுதான் நினைவு வந்தது.

அப்படியானால் விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாமா என்று கேட்பீர்கள். பெரிய ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று நானும் பார்த்தேன். அமெரிக்காவில் 408 பேரை வைத்து நடத்தி 2011இல் வெளியான லீப்ஸ் ஆய்வில், உடல் பாரத்தைப் பட்டியில் தாங்கி டிரெட்மில்லில் நடக்க வைத்தவர்களையும், பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே போய்ச் சாதாரண உடற்பயிற்சி கொடுத்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருட முடிவில் இரண்டு பக்கமும் முன்னேற்றம் ஒன்றுதான். பாதிக்குச் சற்று அதிகமானவர்கள், 52 சதவீதம், நடப்பதில் ஒரு படி மேலே ஏறியிருந்தார்கள், எந்தக் கூட்டத்தில் இருந்தார்கள் என்பது பெரிதாகப் பொருட்டாக இல்லை. பல மருத்துவ ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசுகிற காக்ரேன் அமைப்பின் 2017ஆம் வருடத் தொகுப்பு 72 சோதனைகள், 2470 பேர் என்று விர்ச்சுவல் ரியாலிட்டி ஆய்வுகளை அலசியது. நடை வேகம் கூடுகிறது என்று உறுதியாகச் சொல்ல அப்போது போதிய சான்று கிடைக்கவில்லை, ஆனால் கைப் பயிற்சியில், வழக்கமான சிகிச்சைக்கு மேல் கூடுதலாகச் சேர்த்தபோது பலன் தெரிந்தது. அமெரிக்க நரம்பியல் பிசியோதெரபிஸ்ட்கள் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி, பக்கவாதம் வந்து 6 மாதம் கடந்தவர்களுக்கு இதயத் துடிப்பு நன்றாக ஏறும் அளவுக்கு நடக்க வையுங்கள் என்றும், விர்ச்சுவல் ரியாலிட்டியோடு சேர்ந்த நடைப் பயிற்சி கொடுங்கள் என்றும் பரிந்துரைக்கிறது. நடையை ரோபோவே செய்துவிடுகிற பயிற்சிகளுக்கு அது ஆதரவு தரவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தபோது எனக்குப் பட்டது, ஆள் தானாக எவ்வளவு நடக்கிறார் என்பதைக் கூட்டுகிற எதுவும் நல்லது, ஆளுக்குப் பதிலாகக் கருவி வேலை செய்தால் அது வீண். உங்கள் கட்டுரையில் கண்ணாடியின் ரெசல்யூஷன் இருந்தது, பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்பது இருந்தது, ஒரு நோயாளி ஒரு நாளில் எத்தனை அடி நடந்தார் என்பது இல்லை.

இதைச் சொல்லும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அவசரப்படுகிற குடும்பங்களுக்காக. பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே அதிகமாக எழுப்பி நடமாட வைத்தால் நல்லதா என்று 2104 பேரை வைத்து அவெர்ட் என்ற ஆய்வு பார்த்தது, 2015இல் முடிவு வந்தது. அப்படிச் செய்தவர்களுக்கு நல்ல பலன் குறைவாகவே இருந்தது. அதனால் எண்ணிக்கை என்று நான் சொல்வதைக் கேட்டு மூன்றாம் நாளே கட்டிலிலிருந்து இழுத்து நிறுத்திவிடாதீர்கள். எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவரும் பிசியோதெரபிஸ்ட்டும் சொல்லட்டும்.

இனி எனக்குள்ளே மூன்று வருடமாக இருக்கிற ஆத்திரம். நான் முதலில் போய்க்கொண்டிருந்த இடத்தில், ஆறு மாதம் முடிந்ததும் ஒருவர் என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, “இனிமே பெருசா எதிர்பார்க்காதீங்கம்மா, வந்தது இவ்வளவுதான்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவள் ஒரு வாரம் என்னிடம் சொல்லவே இல்லை. இந்த ஆறு மாதக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்றும் தேடினேன். டென்மார்க்கில் செய்த கோபன்ஹேகன் ஆய்வு 1995இல், நடை மீட்சியில் தங்கள் உச்சத்தை 95 சதவீதம் பேர் முதல் 11 வாரத்துக்குள் எட்டிவிட்டதாகச் சொன்னது. ஆரம்ப மாதங்களில்தான் வேகமாக மீள்கிறோம் என்பது சரி. ஆனால் அதிலிருந்து “அதற்கப்புறம் எதுவும் வராது” என்று முடிவு கட்டுவது எப்படி நியாயம்? மேலே சொன்ன லீப்ஸ் ஆய்விலேயே ஒரு கூட்டத்துக்கு டிரெட்மில் பயிற்சியை ஆரம்பித்ததே 6 மாதம் கழித்துத்தான், அவர்களும் வருட முடிவில் மற்றவர்களுக்குச் சமமாக முன்னேறியிருந்தார்கள். நான் நீல வட்டத்தில் கால் வைத்தது ஏழாவது மாதம் முடிந்த பிறகு. அந்த ஒரு வாக்கியத்தை நம்பி வீட்டில் உட்கார்ந்திருந்தால் என் முட்டி இன்றைக்கும் மடங்கியிருக்காது. எத்தனை வீடுகளில் அந்த வாக்கியத்தோடு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ, நினைத்தால் மனசு ஆறவில்லை.

கண்ணாடி கிடைக்காதவர்கள்தான் அதிகம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிப் பயிற்சி முடிந்த பிறகு என் மகள் வீட்டுக் கூடத்தில் அகலமான கலர் டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி, தரையில் இடமும் வலமுமாக ஒட்டினாள். பிசியோதெரபிஸ்ட் வந்து என் அடியை அளந்து, அதைவிடக் கொஞ்சம் மட்டும் தள்ளித் தள்ளி ஒட்டச் சொன்னார். நடுவில் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்று, தாண்டுவதற்கு. மகள் என் இடது பக்கம் பெல்ட்டைப் பிடித்துக்கொள்வாள், “அப்பா, டேப்பு” என்று மட்டும் சொல்வாள், காலைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள். டேப் பச்சையாகாது, மணி அடிக்காது, கணக்கு வைக்காது, தினமும் இடம் மாறாது. கண்ணாடி இவை எல்லாவற்றையும் செய்கிறது, அதனால்தான் சலிக்காமல் நடக்க முடிகிறது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் குறியைக் காலுக்கு வெளியே வைப்பதும் அடிகளைக் கூட்டுவதும் டேப்பாலும் முடிகிறது. கருவி வரும் வரை காத்திருக்க வேண்டாம். ஒன்றே ஒன்று, பலமில்லாத பக்கத்தில் ஒரு ஆள் நிற்காமல் தனியாகச் செய்யவே கூடாது.

கண்ணாடி செய்கிறவர்களிடமும் அதை வாங்கி வைக்கிற ஆஸ்பத்திரிகளிடமும் கேட்பதற்கு எனக்குச் சில விஷயங்கள் இருக்கின்றன. படம் தெரிகிற ஜன்னலைக் கீழ்ப்பக்கம் பெரிதாக்குங்கள், பக்கவாட்டில் பெரிதாக்குவதைவிட எங்களுக்கு அதுதான் வேண்டும். ஒற்றைக் கையால் மாட்டிக் கழற்ற முடிகிற மாதிரி செய்யுங்கள், எங்களில் பலருக்கு இன்னொரு கை வேலை செய்யாது, காற்றில் இரண்டு விரலைச் சேர்த்துக் கிள்ளிக் காட்டச் சொல்கிற மெனு எங்களுக்கு எதற்கு? இடது பக்கத்தைக் கவனிக்காதவர்களை வைத்துச் சோதித்துப் பாருங்கள், அவர்களைச் சோதனையிலிருந்து ஒதுக்காதீர்கள். பயிற்சி முறையை ஒரே கருவியோடு கட்டிவைக்காதீர்கள், ஹாலோலென்ஸ் 2இன் உற்பத்தியையே மைக்ரோசாஃப்ட் 2024இல் நிறுத்திவிட்டது. கருவி நின்றால் பயிற்சியும் நிற்கக்கூடாது. ஆஸ்பத்திரிகள் கண்ணாடி வாங்கினோம் என்று படம் போடுவதோடு, அதை இயக்குகிற பிசியோதெரபிஸ்ட்டுக்கு ஒரு நோயாளியோடு செலவழிக்க எத்தனை நிமிடம் கொடுக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். எனக்குப் பலித்தது அந்தப் பெண் என் வாசல் கதையைக் காது கொடுத்துக் கேட்டதால்.

என் கணக்கைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். நடையை அளக்க 10 மீட்டர் தூரத்தை எத்தனை வினாடியில் கடக்கிறோம் என்று பார்ப்பார்கள். ஜாக்குலின் பெரி என்ற மருத்துவரின் குழு 1995இல் வகுத்த கணக்குப்படி, வினாடிக்கு 0.4 மீட்டருக்குக் கீழே இருந்தால் வீட்டுக்குள் மட்டும் நடக்கலாம், 0.8 வரை வெளியே ஓரளவு போய் வரலாம், அதற்கு மேலே இருந்தால் வெளியே தாராளமாக நடமாடலாம். கண்ணாடி மாட்டுவதற்கு முன் எனக்கு 31 வினாடி ஆனது, அதாவது 0.32. போன மாதம் அளந்தபோது 14 வினாடி. 0.8ஐத் தொட இன்னும் ஒன்றரை வினாடி குறைய வேண்டும், கூடத்தில் டேப் இன்னும் ஒட்டியபடியேதான் இருக்கிறது. இதே விஷயத்தைப் பற்றி அடுத்த கட்டுரை எழுதினால், அந்தப் படத்தில் கண்ணாடி மாட்டியிருந்தவரிடம் போய் அவருக்கு எத்தனை வினாடி ஆகிறது, ஒரு நாளில் எத்தனை அடி நடக்கிறார், கண்ணாடியைக் கழற்றிய பிறகு வீட்டு வாசலைத் தாண்டுகிறாரா என்று கேட்டு எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்